முன்னால் போன நீலப் பை

காலை ஒன்பது பத்து. மேகம் எங்களை மூடியதும் என் கண்ணில் முதலில் பட்டது ஒரு முதுகுப்பை. நீலத் துணி, நடுவில் குறுக்காக மஞ்சள் பட்டி, கீழே வலது மூலையில் கோணிப்போன தையல். என் கணவர் இசக்கிமுத்துவின் பை அது, அவரே தைத்தது. தையல் கோணியதற்கான காரணம்கூட எனக்குத் தெரியும். தாராவிப் பட்டறையில் அன்று பாதித் தையலில் கரண்ட் போய்விட்டது, வந்ததும் அவசரமாக முடித்தார். அதைப் போல இன்னொரு பை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது வேறு யாருடைய பையையோ பார்த்திருப்பாய் என்பதுதான்.

இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு என்றுமே நம்பிக்கை இருந்ததில்லை. மும்பையில் வெளிவரும் ஒரு தமிழ் நாளிதழில் பல வருடங்களாகச் செய்தி மேசையில் இருக்கிறேன். 'மர்மமான முறையில்' என்று எந்தச் செய்தியில் பார்த்தாலும் அடித்துவிடுவேன். தேவ்நார் குப்பைமேட்டுப் பக்கம் வெள்ளையாக ஒரு உருவம் நடமாடுகிறது என்று நிருபர் ஒருவர் அனுப்பியிருந்தார். பார்த்தது யார், எவ்வளவு தூரத்திலிருந்து, அப்போது வெளிச்சம் எப்படி என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். பதில் வரவில்லை, செய்தியும் வரவில்லை. அதே கேள்விகளுக்கு நானும் பதில் சொல்லிவிடுகிறேன். பார்த்தது நான். தூரம், கையை நீட்டினால் எட்டாது, ஆனால் துணியின் நெசவு தெரியும். வெளிச்சம், நல்ல பகல். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

செம்பூர்க்காரிக்குப் பனிமலையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இசக்கி பிறந்து வளர்ந்தது தாராவியில், குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். மலையேறுபவர்களுக்கான பைகள் தைக்கிற பட்டறை அவருடையது. பை எங்கே போகிறது என்று பார்க்கத்தான் இமாச்சலத்துக்கு முதல் தடவை போனார், போன இடத்தில் ஒரு பனிச்சறுக்குப் பயிற்சி முகாமில் சேர்ந்தார். அதே முகாமுக்கு நானும் போயிருந்தேன். எங்கள் வீடு அப்போது மாட்டுங்காவில், பூர்வீகம் பாலக்காடு. நடந்தே போகிற தூரத்தில் வளர்ந்த இரண்டு பேர் பனியில் விழுந்து எழுந்துதான் பழக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் நடந்தது தனிக்கதை. நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், என் மாமியார் பக்கத்தில் இருந்தால் மட்டும் 'இங்க பாருங்கோ'.

கல்யாணத்துக்குப் பிறகு முடிந்த வசந்தங்களில் எல்லாம் போயிருக்கிறோம். கேபிள் காரில் ஏறி உட்கார்ந்து உச்சிக்குப் போய்ச் சறுக்குகிற இடம் இல்லை நாங்கள் போவது. ஸ்கீ என்கிற சறுக்குப் பலகையின் அடியில் ஒட்டுப்பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்ள வேண்டும். அதில் ரோமம் போல ஒரு நெசவு இருக்கும், முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. அதை வைத்து மணிக்கணக்கில் நடந்து ஏறி, மேலே பட்டையை உரித்துப் பையில் போட்டுக்கொண்டு, ஒரே சறுக்கலில் இறங்கிவிடுவோம். வசந்தத்தில் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். இரவுக் குளிரில் பனி இறுகிக் கிடக்கும், ஏறுவது எளிது. வெயில் ஏறினால் கஞ்சி மாதிரி ஆகிவிடும், பிறகு சரிவே மொத்தமாகப் பெயர்ந்து வரலாம். அதனால் மதியத்துக்குள் கீழே வந்துவிட வேண்டும். இது ஒன்றுதான் விதி, மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

எங்களுக்குள் வேறொரு பழக்கம் இருக்கிறது, அதையும் இங்கே சொல்ல வேண்டும். குர்லா ஸ்டேஷன் பாலத்தில் மாலை நேரத்தில் நடந்தவர்களுக்குப் புரியும். கூட்டத்தில் பேச முடியாது, கையைப் பிடித்துக்கொண்டு நடக்க முடியாது, நின்று திரும்பிப் பார்த்தால் பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள். அதனால் இசக்கி முன்னால் போவார், நான் அவர் முதுகுப்பையைப் பார்த்துக்கொண்டு பின்னால் போவேன். கூப்பிட மாட்டேன், அவரும் திரும்ப மாட்டார். பை போகிற இடத்துக்கு நானும் போவேன், அவ்வளவுதான். கல்யாணமான நாள் முதல் இப்படித்தான். முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

சென்ற வருடம் ஏப்ரலில் இமாச்சலத்தில் லாஹௌல் பக்கம் போனோம். மகளை மாட்டுங்காவில் என் தங்கை வீட்டில் விட்டிருந்தோம். முதல் நாள் இரவு போனில், "அம்மா, அப்பா விழுந்தாலும் வலிக்கலன்னுதான் சொல்லுவார், நீ பாத்துக் கூட்டிண்டு வா" என்றாள். அவள் சொன்னது சரிதான். முந்தைய வருடம் விலா எலும்பில் அடிபட்டு இரண்டு நாள் சொல்லாமல் இருந்தவர் அவர். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

எங்களைக் கூட்டிப் போனது தோர்ஜே, அந்தக் கிராமத்துக்காரன், முப்பது வயது இருக்கும். அதிகம் பேச மாட்டான், பேசினால் இந்தி. என்னை 'தீதி', அதாவது அக்கா என்பான், இசக்கியை 'பாயி', அண்ணன். கிளம்புவதற்கு முன் வாசலில் நின்று எங்கள் கருவிகளைச் சோதித்தான். மார்பில் பீக்கன் என்று ஒரு கருவி கட்டியிருப்போம். அது விடாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும், பனியில் புதைந்தால் மற்றவர்கள் அதை வைத்துத் தேடலாம். தோர்ஜே தன் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, நாங்கள் ஒவ்வொருவராக அவனைக் கடந்து போனோம். கருவி கிக் கிக் என்றது.

"கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கப் போட்ட ஆளு மாதிரி நிக்கான் பாரு" என்றார் இசக்கி.

"பேசாம நட. அவன் இன்னும் டீகூடக் குடிக்கலை."

"எடிட்டரம்மாவுக்கு விடியுமுன்னே கோவம். தோர்ஜே பாயி, தீதி கோ கரம் சாய் தோ, ஜல்தி."

அக்காவுக்குச் சூடாக டீ கொடு, சீக்கிரம் என்று கேட்டதும் தோர்ஜே சிரித்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அது ஒரு தடவைதான்.

ஏற்றம் நன்றாகத்தான் போனது. பனி கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தோர்ஜே முதலில், இசக்கி நடுவில், நான் கடைசி. எங்களிடம் இரண்டே வாக்கிடாக்கி, முதலில் போகிறவரிடம் ஒன்று, கடைசியில் வருகிறவரிடம் ஒன்று. ஒன்பது மணிக்கு முகட்டைத் தொட்டோம். முகடு என்றால் அகலமான, மட்டமான ஒரு தோள். தெற்கே எங்கள் கிராமம் இருக்கும் பள்ளத்தாக்கு. வடக்கே என்ன என்று பார்க்க முடியவில்லை, பார்க்கப் போகவும் கூடாது. காற்று அங்கே பனியை விளிம்புக்கு வெளியே சன்ஷேடு மாதிரி நீட்டிக் கட்டி வைத்திருக்கும். மேலே நிற்பவருக்குத் தரை போலத் தெரியும், அடியில் ஒன்றும் இருக்காது. "வடக்குப் பக்கம் போகாதீர்கள்" என்று தோர்ஜே ஏறும்போதே இரண்டு தடவை சொல்லியிருந்தான்.

கிழக்கே பார்த்துக்கொண்டிருந்த தோர்ஜே திடீரென்று சத்தமாக ஏதோ சொன்னான். பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. பால் பொங்குவது போல என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் அவ்வளவு வேகம் இல்லை, சத்தமும் இல்லை. வந்து மூடிவிட்டது, அவ்வளவுதான். எங்களை நிறுத்தி அவன் சொன்னது சுருக்கமாக இருந்தது. பட்டைகளை உரிக்க வேண்டாம். முகட்டோடு சிறிது தூரம் நடந்தால் இறங்குவதற்குப் பத்திரமான ஓடை, பனி நிரம்பிய பள்ளம், ஒன்று இருக்கிறது, அங்கே போய்த்தான் சறுக்க வேண்டும். வரிசை மாறக் கூடாது. முன்னால் போகிறவர் முதுகிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

"அது எங்களுக்குப் பளக்கம்தான்" என்றார் இசக்கி என்னைப் பார்த்து. "குர்லா பாலம்னு நெனச்சுக்க."

அவர் முகத்தை நான் பார்த்தது அதோடு சரி, பிறகு வெகுநேரம் பார்க்கவில்லை.

வெள்ளை இருட்டு என்று ஒன்று உண்டு, அனுபவித்தால்தான் தெரியும். எங்கும் வெளிச்சம், ஆனால் ஒன்றும் தெரியாது. தரையும் வானமும் ஒரே நிறம், சரிவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று கால்தான் சொல்ல வேண்டும். அதில் நீலப் பை மட்டும் தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரத்தில் என் வலது ஸ்கீயின் பட்டை முனையில் பிரிந்துகொண்டது, அடியில் பனி சேர்ந்து கால் நகரவில்லை. குனிந்து கையால் துடைத்து அழுத்தி ஒட்டினேன். நிமிர்ந்தபோது பை அங்கேயே இருந்தது, எனக்காக நின்றது போல. நான் அடி எடுத்து வைத்ததும் அதுவும் நகர்ந்தது.

இங்கிருந்து சொல்வதை மெதுவாகப் படியுங்கள்.

முதலில் நான் கவனித்தது சத்தம். ஒட்டுப்பட்டை பனியில் உரசினால் துணி கிழிவது போல மெல்லிய சத்தம் வரும். இரண்டு பேர் நடந்தால் இரண்டு சத்தம். எனக்கு ஒன்றுதான் கேட்டது, அது என் காலடியிலிருந்து வந்தது. மேகம் சத்தத்தைக் குடித்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இசக்கி, கொஞ்சம் மெதுவா போ" என்றேன். வேகம் குறைந்தது. திரும்பவில்லை. திரும்பாதது எனக்கு விசித்திரமாகப் படவில்லை, சொன்னேனே, நாங்கள் அப்படித்தான். வேறு எந்தப் புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் அந்த இடத்தில் கூப்பிட்டு முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

பிறகு பையின் மேல் மூடியைப் பார்த்தேன். அதில் பனி இருந்தது. அன்று பனி பெய்யவில்லை, அதற்கு முந்தைய நாட்களிலும் பெய்யவில்லை. அப்படியே பெய்திருந்தாலும் புதுப் பனி தூள் போல இருக்கும். பையின் மேல் இருந்தது பழைய பனி. வசந்தத்தில் வெயில் பட்டுப்பட்டு உருகி இறுகி, மேற்பரப்பெல்லாம் சின்னச் சின்னக் குழிகளாக, அழுக்கு நிறத்தில் கிடக்குமே, அது. பல வாரம் ஓரிடத்தில் அசையாமல் கிடந்தால்தான் பனி அப்படி ஆகும். இது எப்படி இவர் பையில் என்று ஒரு கேள்வி மனத்தில் வந்தது. அந்தக் கேள்வியோடு நான் நடந்துகொண்டே இருந்தேன். கால்கள் நிற்கவில்லை. இன்றைக்கும் எனக்கு விளங்காதது அதுதான், கேள்வி வந்த பிறகும் கால்கள் ஏன் நிற்கவில்லை என்பது.

வாக்கிடாக்கி கரகரத்தது. தோர்ஜே. "தீதி, எங்கே இருக்கிறீர்கள்? நான் ஓடையின் வாயில் நிற்கிறேன். யாரும் வரவில்லை. பாயி உங்களோடு இருக்கிறாரா?"

நான் பையைப் பார்த்தேன். "இருக்கிறார். எனக்கு முன்னால்" என்றேன்.

"உங்களுக்கு முன்னாலா?"

"ஆமாம்."

 பிறகு, "நில்லுங்கள். இரண்டு பேரும் ஒரு அடிகூட வைக்க வேண்டாம். நான் வருகிறேன்."

"இசக்கி, நிக்கச் சொல்றான்" என்றேன். பை நின்றது. நானும் நின்றேன். தோள்பட்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன், மூச்சு வாங்கினால் பை அசையும். அசையவில்லை. குளிரில் வாயிலிருந்து புகை வரும், என் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் தலைக்கு முன்னால் ஒன்றும் இல்லை. பேச வேண்டும் என்று நினைத்தேன், பேசினால் திரும்பிவிடுவார் என்று தோன்றியது. பதினைந்து வருடம் கூட வாழ்ந்த மனிதர் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று நான் நின்ற இடத்தில் நடுங்கினேன். இதை அவரிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

தோர்ஜே பீக்கனை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தான். பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது, வாக்கிடாக்கியில் இல்லை, நேராக. ஆனால் பக்கத்தில் வரவில்லை. தூரத்திலேயே நின்று, குழந்தையிடம் பேசுவது போல மிகத் தணிந்த குரலில், "தீதி, நீங்கள் வந்த தடத்திலேயே திரும்புங்கள். ஸ்கீயைத் தூக்கித் தூக்கி வையுங்கள். குதிக்க வேண்டாம். என்னைப் பார்த்து வாருங்கள்" என்றான்.

"இசக்கி?"

"முதலில் நீங்கள் வாருங்கள்."

திரும்பினேன். தோர்ஜேயின் சிவப்புச் சட்டை மங்கலாகத் தெரிந்தது. அவனை அடைந்ததும் அவன் என் கையைப் பிடித்து இன்னும் பத்து அடி தெற்கே இழுத்தான். அப்புறம்தான் நான் திரும்பிப் பார்த்தேன். வெள்ளை. பை இல்லை. என் தடம் மட்டும் ஒற்றையாக அங்கே போய் அங்கேயே முடிந்திருந்தது.

"நீங்கள் நின்றது சஜ்ஜா மேல்" என்றான் தோர்ஜே. பனி சன்ஷேடை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "பாயி எங்கே?"

அப்போதுதான் எனக்கு முழுவதும் உறைத்தது. இவ்வளவு நேரம் இசக்கியை யாரும் தேடவில்லை. என்னோடு இருக்கிறார் என்று சொன்னவள் நான். மேகத்துக்கு மேலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது, காலடியில் பனி இளகத் தொடங்கியிருந்தது, கம்பை ஊன்றினால் காலையில் டங் என்றது இப்போது சொதக் என்றது. சரிவுகள் இனி நம்பத் தகுந்தவை இல்லை. அவரோ எந்தப் பக்கம் போனார் என்றே தெரியாது.

நான் பட்டையை ஒட்டக் குனிந்த இடத்துக்குத் திரும்பினோம். அங்கே தடம் தெளிவாக இருந்தது. தோர்ஜேயின் தடம் நேராகப் போனது. என்னுடையது வலப்பக்கம் வடக்கே விலகியது. சிறிது முன்னால் இன்னொன்று இடப்பக்கம் தெற்கே விலகிச் சரிவில் இறங்கியது. அது இசக்கியுடையது. தோர்ஜே உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்த்தான்.

"இது நம் ஓடை இல்லை. கீழே பாறை, அதற்குக் கீழே செங்குத்துப் பள்ளம்" என்றான். "நான் முதலில் போகிறேன். நான் சொன்ன பிறகு நீங்கள். நான் சொல்லாவிட்டால் நீங்கள் வரக் கூடாது, புரிந்ததா?"

அவன் இறங்கி மறைந்தான். நான் மேலே நின்றேன். வாக்கிடாக்கியைக் காதோடு வைத்திருந்தேன். தூரத்தில் எங்கோ ஒரு சரிவு பெயர்கிற சத்தம் கேட்டது, லாரியிலிருந்து மணல் கொட்டுவது போல. மகளிடம் என்ன சொல்வேன் என்றுகூட நான் நினைக்கவில்லை. மஞ்சள் பட்டி எங்காவது தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், தெரிந்துவிடுமோ என்று பயந்துகொண்டும் இருந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அன்று தெரிந்தது.

"சிக்னல் இருக்கிறது" என்றான் தோர்ஜே. கொஞ்சம் கழித்து, "உயிரோடு இருக்கிறார். மெதுவாக வாருங்கள்."

இசக்கி ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது முழங்கால் ஒரு மாதிரித் திரும்பியிருந்தது, இடது ஸ்கீ இல்லை. பாறைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க நான் போகவில்லை. அங்கே மேகம் கீழிருந்து மேலே வந்துகொண்டிருந்தது, அவ்வளவு தெரிந்தால் போதும். பை அவர் முதுகில் இருந்தது. மூடியில் ஒரு துளி பனி இல்லை.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. "ஏட்டி, நீ எப்படி மேலருந்து வாற?"

"பின்ன எங்கேருந்து வருவேன்? உன்னைத்தான் தேடிண்டு வரோம்."

"வெளையாடாத சுதா. நீதான முன்னால போன."

 அவர் என் கையைப் பிடித்து இழுத்தார், முழங்கால் வலியில் முனகிக்கொண்டே என் கையுறையை உருவி எறிந்தார், விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது கையையும் அப்படியே. பார்த்து முடித்து, "சரி" என்றார். "சரி, சரி." பிறகுதான் அழுதார். கால் வலிக்கிறதா என்று கேட்டேன், வலிக்கவில்லை என்றார்.

தோர்ஜே என் ஸ்கீக்களையும் அவருடைய ஒற்றை ஸ்கீயையும் கயிற்றால் இணைத்து அவரைக் கட்டிப் பாறையைச் சுற்றி இழுத்தான், நான் பின்னால் பிடித்துக்கொண்டு இடுப்பளவு கஞ்சிப் பனியில் நடந்தேன். கிராமத்தை அடைந்தபோது மதியம் தாண்டியிருந்தது. நாங்கள் இறங்கிய சரிவு, நாங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே பெயர்ந்து விழுந்தது. தோர்ஜே அதைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"முகட்டில் என்னைக் கண்டபோது, எனக்கு முன்னால் ஏதாவது பார்த்தாயா?" என்று அவனிடம் கேட்டேன்.

"நான் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தீதி" என்றான். 

இசக்கி நடந்ததைச் சொன்னது ஆஸ்பத்திரியில், காலில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும்போது. நான் நிருபரிடம் கேட்பது போலக் கேட்டேன். நான் பட்டையை ஒட்டக் குனிந்ததைப் பார்த்து அவர் நின்றிருக்கிறார். மேகம் என்னை மறைத்துவிட்டது. பிறகு இடப்பக்கமாக யாரோ அவரைத் தாண்டிப் போனார்கள். என் கறுப்புப் பை, என் பச்சைத் தொப்பி.

"ஆகா, இன்னைக்கு எடிட்டரம்மா முன்னால போறாங்கன்னு நெனச்சேன். சிரிச்சேன்கூட. பொறவு பாத்தா கையில கையுறை இல்ல."

"என் கையிலயா?"

"ஒன் கைலதான். வெறுங்கை. வெரலு எல்லாம் கறுத்துக் கெடந்துச்சு, தீயில வெந்த மாதிரி. கத்துனேன், சுதா நில்லு, கையுறை எங்கட்டின்னு. நீ நிக்கல, திரும்பல. தோர்ஜேயாவது ஒண்ணாவதுன்னு ஓடியாந்தேன். அதுலதான் விழுந்தது."

"நான் கையுறையைக் கழட்டவே இல்லையே, இசக்கி."

"அதான் பாத்தேன்ல" என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

செம்பூர் வந்த பிறகு எங்கள் மாடியில் குடியிருக்கும் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உயரத்தில் மூளைக்குப் போதுமான ஆக்சிஜன் போகாது, வெள்ளை இருட்டில் கண்ணுக்குப் பிடிமானம் இல்லை, அப்போது மூளை தனக்குப் பழகியதைத் தானே வரைந்துகொள்ளும் என்றார். உங்களுக்குப் பழகியது புருஷன் முதுகு, அவருக்கு உங்களைப் பற்றிய கவலை. நல்ல விளக்கம். என் மேசைக்கு வந்திருந்தால் அதைத்தான் அச்சிட்டிருப்பேன். பழைய பனியைப் பற்றியும் கேட்டேன். "அதுவும் மூளைதாம்மா" என்றார். நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டு பல நாள் நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

இசக்கிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. ஜூன் மாதம் கம்பை ஊன்றிப் பட்டறைக்குப் போய்வர ஆரம்பித்தார். போனதும் அடுத்த ஏப்ரலைப் பற்றிப் பேச்சு.

"தோர்ஜேகிட்ட சொல்லி வைப்போமா?"

"போறும். மலையும் போறும் பனியும் போறும்."

"ஒரு காலு போனா இன்னொரு காலு இருக்குல்லா."

"அந்தக் காலை நான் உடைப்பேன். சும்மா இரு."

அந்தச் சமயத்தில்தான் தோர்ஜே போன் செய்தான். மகள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான், இங்கே மழை வந்துவிட்டதா என்று கேட்டான். மேலே பனி உருகிவிட்டது, ஆடு மேய்ப்பவர்களோடு முகட்டுப் பக்கம் போயிருந்தேன் என்றான். பாயியின் இடது ஸ்கீ கிடைத்துவிட்டது, கூரியரில் அனுப்பவா என்று கேட்டான்.

"அந்தப் பாறைக்குக் கீழேயா கிடந்தது?" என்றார் இசக்கி இந்தியில்.

இல்லை என்றான் தோர்ஜே. வடக்குப் பக்கம், தீதி நின்ற விளிம்புக்கு நேர் கீழே. ஒட்டுப்பட்டை இன்னும் அதில் ஒட்டித்தான் இருக்கிறது.